பிரபலங்களின் வீட்டுச் செய்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாளிதழின் செய்தி மேசையிலும், பிறகு ஓர் இணைய இதழிலும் உதவி ஆசிரியராக இருந்திருக்கிறேன். கல்யாண வீட்டிலும் ரயிலிலும் இந்தத் தொழிலைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் பாதி, நடிகர்களின் வீடுகளைப் பற்றியதாகத்தான் இருக்கும். ‘அது உண்மையா சார்?’ என்ற ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

புகழும் பணமும் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குள் பார்க்காதே என்று சொல்வது நியாயமா?

நடிகர் விற்றது நடிப்பை. நாம் டிக்கெட் வாங்கியது அதற்கு. படம் மோசம் என்றால் கிழித்துத் தொங்கவிடலாம். வாங்கும் சம்பளம், கட்டாத வரி, மேடையில் பேசிய அரசியல், விளம்பரத்தில் சொன்ன பொய், எதையும் விட்டுவைக்க வேண்டியதில்லை. அவருடைய மகள் பத்தாம் வகுப்பில் எத்தனை மதிப்பெண் வாங்கினாள் என்பது மட்டும் அந்த டிக்கெட்டில் சேராது.

இந்தக் கேள்வியில் ஒரு பிசகு இருக்கிறது. கணக்குக் கேட்பது நடிகரிடம். அடி விழுவது வேறொருவர் மேல். பணமும் புகழும் வாங்கியவர் அப்பா. பள்ளி வாசலில் கேமராவுக்கு முன்னால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவது பிள்ளை. மேடைக்கு வந்தவரா, மேடையில் இருப்பவருக்கு உறவினரா என்று முதலில் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சாசனத்தைப் புரட்டினால் அந்தரங்கம் என்றொரு உரிமை எழுத்தில் கிடைக்காது. வாழ்வுரிமையைப் பேசும் 21ஆம் பிரிவுக்குள் அது அடங்கியிருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் விரித்துச் சொன்ன முக்கியமான வழக்கு, தமிழ்நாட்டிலிருந்து போனது. அதுவும் தூக்குத் தண்டனை பெற்ற ஒருவரைப் பற்றிய வழக்கு.

ஆட்டோ சங்கர் சிறையில் இருந்தபடி தன் வரலாற்றை எழுதினார். உயர் அதிகாரிகள் சிலரோடு தனக்கிருந்த தொடர்பையும் அதில் எழுதியிருந்தார். ‘நக்கீரன்’ அதை வெளியிட முன்வந்தது. 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து, இது போலி, வெளியிடாதீர்கள் என்று கடிதம் வந்தது. ஆசிரியர் ஆர். ராஜகோபால், அதாவது நாமெல்லாம் நக்கீரன் கோபால் என்று அறிந்தவர், உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அக்டோபர் 7 அன்று நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது.

ஒரு குடிமகன் தன்னுடைய அந்தரங்கத்தையும், தன் குடும்பம், திருமணம், மகப்பேறு, தாய்மை, கல்வி போன்றவற்றின் அந்தரங்கத்தையும் காத்துக்கொள்ள உரிமை உள்ளவன். அவன் சம்மதம் இல்லாமல் இவற்றைப் பற்றி யாரும் வெளியிடக்கூடாது. வெளியிடுவது உண்மையானாலும் பொய்யானாலும், புகழ்ச்சியானாலும் இகழ்ச்சியானாலும். இது தீர்ப்பின் ஒரு பாதி. மறுபாதி விதிவிலக்குகள்: நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம்; அரசு அதிகாரியின் அலுவல் நடத்தையை எழுதலாம்; தானாகவே ஒரு சர்ச்சைக்குள் குதித்தவர் அந்த அளவுக்குத் தன் உரிமையை இழக்கிறார். அச்சாவதற்கு முன்பே அரசு வாயைக் கட்ட முடியாது என்றும் நீதிமன்றம் சொன்னது. ஆக, ஒரே தீர்ப்பில் பத்திரிகையும் ஜெயித்தது, அந்தரங்கமும் ஜெயித்தது. நம் ஊடகங்கள் முதல் வெற்றியை நன்றாக நினைவில் வைத்திருக்கின்றன.

2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உறுதிசெய்தார்கள். அதன்பிறகு இந்த விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை.

அப்படியானால் உண்மையைக்கூட எழுதக்கூடாதா? எல்லாவற்றையும் ‘அந்தரங்கம்’ என்று மூடிவிடுவார்களே?

மூடப் பார்ப்பார்கள். அதிகாரத்தில் இருப்பவர்கள் இந்த உரிமையைப் போர்வையாக்கிக்கொள்வது உண்மைதான். அமைச்சரின் மகனுக்கு ஒப்பந்தம் கிடைத்தால் அது குடும்ப விஷயம் அன்று. வேட்பாளரின் மனைவி பெயரில் இருக்கும் நிலம், வேட்புமனுவோடு சேர்த்துத் தாக்கல் செய்யப்படும் பொது ஆவணம். நடிகரின் மகன் கட்சிப் பதவிக்கு வந்தால் அவரே மேடை ஏறிவிட்டார்; அன்றிலிருந்து அவரைக் கேள்வி கேட்கலாம். அதற்கு முந்தின பள்ளிப் பருவத்தைத் தோண்ட வேண்டியதில்லை.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2004இல் ஒரு நல்ல அளவுகோலைத் தந்தது. மொனாக்கோ இளவரசி கரோலின் கடைக்குப் போவதையும் பிள்ளைகளோடு இருப்பதையும் ஜெர்மன் இதழ்கள் படமெடுத்துப் போட்டுக்கொண்டிருந்தன. இந்தப் படம் பொதுநலன் சார்ந்த ஒரு விவாதத்துக்கு எதையாவது சேர்க்கிறதா என்று நீதிமன்றம் கேட்டது. இல்லை என்று கண்டு, கரோலின் பக்கம் தீர்ப்பளித்தது. நம் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகளும் இதைத்தான் சொல்கின்றன: பொதுநலன் மேலோங்கி நிற்க வேண்டும், வக்கிர ஆர்வம் பொதுநலன் ஆகாது. எழுதி வைத்ததில் குறையில்லை.

எதிர்த்திசையிலும் தீர்ப்பு உண்டு. குஷ்வந்த் சிங்கின் தன்வரலாற்று நூலில் இந்திரா காந்தி வீட்டு மாமியார், மருமகள் சண்டையைப் பற்றிய பகுதிக்கு எதிராக மேனகா காந்தி 1995இல் தடை வாங்கினார். 2001இல் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு அந்தத் தடையை நீக்கியது. அந்தச் சண்டை அந்தக் காலத்திலேயே பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்துவிட்டது என்பது முக்கியமான காரணம். எனக்கு அந்தத் தீர்ப்பில் குறை தெரியவில்லை. நாட்டை ஆண்ட வீடு அது.

பெற்றோரே பிள்ளைகளின் படத்தை இன்ஸ்டாகிராமில் போடுகிறார்களே, நாங்கள் போட்டால் மட்டும் தவறா?

நானும் என் பேத்தியின் படத்தை உறவினர் குழுவில் போடுகிறேன். அதனால் அவளைத் தெருவில் யார் வேண்டுமானாலும் படமெடுக்கலாம் என்றாகிவிடுமா? எந்தப் படம், எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்வதுதான் அந்தரங்கம் என்பதே. (பிள்ளைகளை விளம்பரப் பொருளாக்கும் நட்சத்திரப் பெற்றோர் உண்டு. அவர்களைப் பற்றியும் எழுதலாம். எழுத வேண்டியது பெற்றோரைப் பற்றி.)

விராட் கோலியும் அனுஷ்கா சர்மாவும் வேறு வழியில் போனார்கள். 2021 ஜனவரியில் மகள் பிறந்தபோது, மும்பைப் புகைப்படக்காரர்களுக்குப் பரிசுப் பொருள்களோடு ஒரு கடிதமும் அனுப்பினார்கள். எங்களைப் பற்றி உங்களுக்கு வேண்டிய செய்தி கிடைக்கும், குழந்தையைப் படமெடுக்காதீர்கள் என்பது சாரம். வியப்பு என்னவென்றால், பெரும்பாலான புகைப்படக்காரர்கள் அதற்குக் கட்டுப்பட்டார்கள். ஆண்டு இறுதியில் அனுஷ்கா அவர்களுக்கு நன்றிகூடச் சொன்னார். அந்த ஏற்பாட்டை உடைத்தது ஒரு நேரடி ஒளிபரப்பு. 2022 ஜனவரி 23, கேப் டவுனில் ஒருநாள் போட்டி. கோலி அரைச்சதம் அடித்ததும் கேமரா பார்வையாளர் மாடத்துக்குத் திரும்பி, தாயின் கையில் இருந்த குழந்தையைக் காட்டியது. சில நிமிடங்களில் அந்தக் காட்சி நாடெங்கும் பரவிவிட்டது. கேமரா தங்கள் மேல் இருந்ததே தெரியாது, தயவுசெய்து படத்தை வெளியிடாதீர்கள் என்று மறுநாள் அறிக்கை விட்டார்கள். இணையத்தில் ஏறியது இறங்கவா போகிறது?

2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், ஒருவர் தானே பொதுவெளியில் வைத்த தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு விலக்கு இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘அவர்களே போட்டார்கள்’ என்ற வாதத்துக்குச் சட்டத்தில் ஓர் ஒட்டுத் திண்ணை கிடைத்திருக்கிறது. அது திண்ணைதான், பக்கத்துக் கட்டடத்து மொட்டைமாடியில் ஏறி வீட்டுக் கூடத்தைப் படமெடுக்கும் உரிமை அதற்குள் வராது. 2023 பிப்ரவரியில் ஆலியா பட்டுக்கு அதுதான் நடந்தது. மதிய நேரத்தில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தால், எதிர் மாடியில் கேமராவோடு இருவர்.

வெளிநாடுகளில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு அதிகமா?

சில இடங்களில். பிரிட்டிஷ் பாடகர் பால் வெல்லர் பிள்ளைகளோடு கலிஃபோர்னியாவில் கடைத்தெருவில் நடந்துபோன படங்களை, பிள்ளைகளின் முகத்தை மங்கலாக்காமல் ஒரு லண்டன் நாளிதழின் இணையதளம் வெளியிட்டது. 2014இல் நீதிமன்றம் மூன்று பிள்ளைகளுக்குமாக 10,000 பவுண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பொது இடம்தானே என்ற வாதம் எடுபடவில்லை. கலிஃபோர்னியாவிலோ, நடிகைகள் ஹாலி பெர்ரியும் ஜெனிஃபர் கார்னரும் சட்டமன்றக் குழுவின் முன் போய்ப் பேசிய பிறகு, பெற்றோரின் தொழிலுக்காகக் குழந்தையைத் துரத்தித் தொல்லை தருவதற்கு ஓராண்டு வரை சிறை என்று 2013இல் சட்டம் இயற்றினார்கள்.

இங்கே 2023 ஏப்ரலில், அபிஷேக் பச்சன், ஐஸ்வர்யா ராய் தம்பதியின் பதினொரு வயது மகள் சார்பில் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. அந்தக் குழந்தை நோயில் கிடக்கிறாள், இறந்தேவிட்டாள் என்றெல்லாம் யூடியூபில் காணொளிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை நீக்கச் சொன்ன நீதிபதி ஹரி சங்கர், பிரபலத்தின் குழந்தையோ சாமானியரின் குழந்தையோ, எந்தக் குழந்தையும் கண்ணியமாக நடத்தப்பட வேண்டும் என்றார். பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு சிறுமியைச் செத்துவிட்டாள் என்று சொல்லிக் காசு பார்த்தவர்கள், பார்க்க ஆள் இருந்ததால்தான் அடுத்தடுத்துப் போட்டார்கள்.

பிரபலத்தின் பிள்ளை கைதானால் எழுதாமல் இருக்க முடியுமா?

எழுதாமல் இருக்க முடியாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக்கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். வயது வந்தவர் என்றால் கைது ஒரு செய்தி. கேள்வி, எவ்வளவு செய்தி என்பது.

2021 அக்டோபர் 3 அன்று ஷாருக்கானின் 23 வயது மகன் போதைப்பொருள் வழக்கில் கைதானார். 28ஆம் தேதி ஜாமீன் கிடைக்கும் வரை சிறை வாசல், நீதிமன்ற வாசல், வீட்டு வாசல் என மூன்று இடங்களிலும் கேமராக்கள் குடியிருந்தன. அடுத்த மே 27 அன்று போதைப்பொருள் தடுப்புப் பிரிவு தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே இல்லை. கைதுக்கு ஒதுக்கிய அதே இடத்தை விடுவிப்புக்கும் ஒதுக்குவது என்று ஒரு செய்தி அறை முடிவு செய்தாலே போதும். முதல் நாள் தலைப்பின் உயரம் தானாகக் குறைந்துவிடும்.

இறந்தவருக்கு அந்தரங்கம் உண்டா?

சட்டப்படி, இல்லை என்றே நீதிமன்றங்கள் சொல்லி வருகின்றன. ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், ஒருவரின் அந்தரங்கமும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடுகின்றன, வீடு வாசல் போல வாரிசுக்கு இறங்குவதில்லை என்று 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் அங்கே நிற்கட்டும். இறந்தவருக்கு வலிக்காது, இருப்பவர்களுக்கு வலிக்கும். சிவகாசிப் பக்கம் மீனம்பட்டியில் பிறந்த ஸ்ரீதேவி, 2018 பிப்ரவரி 24 அன்று துபாய் விடுதி அறையில் காலமானார். உடல் மும்பை வந்து சேர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் செய்தி அலைவரிசைகள் குளியல் தொட்டியை வைத்து வித்தை காட்டின. திரையில் வரைகலைத் தொட்டி, அதற்குப் பக்கத்தில் நின்று பேசும் தொகுப்பாளர்; ஒரு தெலுங்கு நிருபர் தானே ஒரு தொட்டிக்குள் இறங்கிப் படுத்துக் காட்டினார். தற்செயலாக நீரில் மூழ்கிய மரணம் என்று துபாய் அதிகாரிகள் வழக்கை முடித்தார்கள். இரண்டு பெண்கள் தாயை இழந்திருந்தார்கள். இளையவளுக்கு அப்போது பதினெட்டு வயதுகூட ஆகவில்லை.

முதலாளியும் ஆசிரியரும் செய்தியை ஒரு பக்கம் சாய்ப்பதற்கு வாசகனைக் குறை சொல்வானேன்?

அவர்களும் சாய்க்கிறார்கள். ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு அது மேலிருந்து வருவதில்லை. கென்ட்ஸ்கோ, ஷபிரோ என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்நாட்டில் ஒருவர் இறந்து அவருடைய பெருஞ்சொத்து வாரிசுக்குக் கைமாறும்போது விதிக்கும் வரியை ஒரு கட்சி ‘சொத்து வரி’ என்ற பொருளிலும், மறு கட்சி ‘சாவு வரி’ என்ற பொருளிலும் அழைக்கும். எந்த நாளிதழ் யாருடைய சொல்லைப் பயன்படுத்துகிறது என்று 400க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் எண்ணிப் பார்த்தார்கள். ஒரே முதலாளியின் இரு பத்திரிகைகள் வெவ்வேறு ஊரில் வெவ்வேறு பக்கம் சாய்ந்திருந்தன. சாய்வைத் தீர்மானித்ததில் முதலாளியின் கை சொற்பமாகத்தான் தெரிந்தது; அந்தந்த ஊர் வாசகர்களின் கட்சி மனநிலைதான் தெளிவாகத் தெரிந்தது. வாசகன் விரும்பிய சொல்லைப் பத்திரிகை அவனுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறது.

நம் தொலைக்காட்சியில் இந்த வேலையைச் செய்வது, எதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளக்கும் டிஆர்பி புள்ளி. 2020 வாக்கில் நாட்டின் சுமார் இருபது கோடி தொலைக்காட்சி வீடுகளுக்குப் பிரதிநிதியாக 44,000 வீடுகளில்தான் அளவிக் கருவி இருந்தது. அதிலும் செய்தி பார்ப்பவர்கள் ஒரு பகுதி. சில நூறு வீடுகளின் மாலை நேர ஆசையை வைத்து மறுநாள் விவாதத் தலைப்பு முடிவாகிறது. அந்த வீடுகளுக்குப் பணம் கொடுத்து ஒரே அலைவரிசையை ஓடவிட்டார்கள் என்று 2020 அக்டோபரில் மும்பைக் காவல்துறை வழக்குப் போட்டது; அளவீட்டு நிறுவனமான பார்க், செய்தி அலைவரிசைகளின் புள்ளிகளை வெளியிடுவதையே நிறுத்தி, 2022 மார்ச்சில்தான் மறுபடி தொடங்கியது. வழக்கு பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

இணைய இதழில் அளவி இன்னும் கொடியது. நான் வேலை பார்த்த இடத்தில் சுவரில் ஒரு திரை. இந்த நிமிடம் எந்தச் செய்தியை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எண்கள் ஏறி இறங்கும். டெல்டா மாவட்டத்தில் நெல் கொள்முதல் நிலையம் மூடிக் கிடந்ததைப் பற்றி நிருபர் இரண்டு நாள் அலைந்து எழுதிய செய்தி அடியில் கிடக்கும். ஒரு நடிகையின் கணவர் விமான நிலையத்தில் தனியாக நடந்துபோன படம் உச்சியில் இருக்கும். அந்தப் படத்துக்கு ‘தனியாக’ என்ற சொல்லைத் தலைப்பில் சேர்த்தவன் நான்தான். யாரும் சேர்க்கச் சொல்லவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே சேர்த்தேன்.

வாசகர் விருப்பம் என்பது வெறும் ஆர்வம்தானே, அதில் சார்பு எங்கே வருகிறது?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தின் மையமான கேள்வி இதுதான். வாசகர் வெறுமனே ஆர்வத்தோடு வருவதில்லை, ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு வருகிறார். ரசிகர் கூட்டம் யாருக்குப் பெரிதோ அவர் பக்கம் செய்தி சாயும். எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் ஒரு பெண்.

2015 உலகக் கோப்பை அரையிறுதியில் கோலி ஒரே ஓட்டத்தில் ஆட்டமிழந்தார். திட்டு வாங்கியவர் சிட்னி மைதானத்தில் உட்கார்ந்திருந்த அனுஷ்கா. அது தொடர்ந்துகொண்டே இருந்ததால் மறு ஆண்டு கோலியே வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டியிருந்தது.

சுஷாந்த் சிங் ராஜ்புத் 2020 ஜூன் 14 அன்று இறந்தபோது இது உச்சத்துக்குப் போனது. கொரோனா ஊரடங்கு முழுதாக நீங்காத காலம் அது. ஓர் இளம் நடிகரின் சாவை ஏற்க முடியாத ரசிகர்களுக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். காதலி ரியா சக்ரவர்த்தியை அலைவரிசைகள் எடுத்துக் கொடுத்தன. சூனியக்காரி என்றுகூடப் பேசினார்கள். குடியிருப்பு வாசலில் அவருடைய அப்பாவை, ஓய்வுபெற்ற ராணுவத்தினரை, மைக்குகள் மொய்த்து நெருக்கிய காணொளியை ரியாவே வெளியிட்டுக் காவல்துறையிடம் பாதுகாப்புக் கேட்டார். செப்டம்பரில் கைது, ஒரு மாதம் சிறை. 2021 ஜனவரி 18 அன்று மும்பை உயர் நீதிமன்றம், ஊடக விசாரணை நீதி நிர்வாகத்தில் குறுக்கிடுகிறது என்று கண்டித்து, இரண்டு ஆங்கில அலைவரிசைகளின் ஒளிபரப்பு முதல் நோக்கில் அவமதிப்பாகவே தெரிகிறது என்றது. 2025 மார்ச்சில் சிபிஐ வழக்கை முடித்துக்கொள்ளும் அறிக்கையைத் தாக்கல் செய்தது. கையில் ஆதாரம் இல்லாத ஒரு கதையை அத்தனை மாதம் ஓட்டியது ஆசிரியர்களின் வன்மம் மட்டுமா? மாற்றுப் பக்கம் பேசிய அலைவரிசையைப் பார்க்க ஆள் வரவில்லை.

தமிழ் ஊடகத்துக்கு வருவோம். 2024 நவம்பர் 19 அன்று ஏ.ஆர். ரகுமானும் சாய்ரா பானுவும் 29 ஆண்டு மணவாழ்வுக்குப் பிறகு பிரிவதாக அறிவிப்பு வந்தது. ரகுமானின் இசைக்குழுவில் வாசிக்கும் ஒரு பெண் கலைஞரும் தன் மணமுறிவை அதே நாளில் அறிவித்திருந்தார். அவ்வளவுதான் நடந்தது. இரண்டு அறிவிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டு, இரவோடு இரவாக நூற்றுக்கணக்கான காணொளிகள் கிளம்பின. அந்தக் கலைஞர், ரகுமான் எனக்குத் தந்தை போன்றவர் என்று விளக்க வேண்டியதாயிற்று. ரகுமான் தரப்பு 23ஆம் தேதி வக்கீல் நோட்டீஸ் விட்டது. சாய்ரா, தன் உடல்நலக் குறைவைச் சொல்லி ஒரு குரல் பதிவு வெளியிட்டார். அதில் அவர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டது யூடியூபர்களையும் தமிழ் ஊடகங்களையும். தமிழ் ஊடகம் என்று பெயர் சொல்லிக் கேட்டார். 2025 மார்ச்சில் ரகுமான் மருத்துவமனைக்குப் போனபோது, ‘முன்னாள் மனைவி’ என்று என்னை எழுதாதீர்கள், நாங்கள் சட்டப்படி இன்னும் பிரியவில்லை என்று மறுபடியும் ஒரு பதிவு. ஒரு சொல்லைச் சரிபார்க்க யாருக்கும் நேரமில்லாமல், உடல்நலம் சரியில்லாத பெண்ணே அதைத் திருத்த வேண்டி வந்தது.

அவர்கள் மறைப்பதால்தானே வதந்தி வருகிறது? வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் என்ன?

2024 தொடக்கத்தில் வேல்ஸ் இளவரசி கேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வெளியில் வரவில்லை. உலகமே துப்பறிந்தது. மார்ச் 10 அன்று பிள்ளைகளோடு அவர் இருக்கும் படத்தை அரண்மனை வெளியிட, அது திருத்தப்பட்டது என்று கண்டு ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி நிறுவனங்கள் திரும்பப் பெற்றன. அவர்கள் செய்தது சரி. திருத்திய படத்தைச் செய்தியாக விற்கக்கூடாது. அதன்பிறகு கேலியும் ஊகமும் இன்னும் ஏறின. 22ஆம் தேதி அவரே திரையில் வந்து, புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கிறேன் என்றார். ஏன் இத்தனை நாள்? மூன்று பிள்ளைகளுக்கும் அவர்களுக்குப் புரியும் விதத்தில் எடுத்துச் சொல்ல அவகாசம் தேவைப்பட்டது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு நோய் வந்தால், பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டா பிள்ளைகளிடம் சொல்வீர்கள்?

பெயர் போடாமல் எழுதினால் பிரச்சினை இல்லையே?

‘மூன்றெழுத்து நடிகர்’, ‘மலையாளக் கரையிலிருந்து வந்த நாயகி’ என்று எழுதும் கிசுகிசுவைக் கேட்கிறீர்கள். வாசகர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார் என்ற நம்பிக்கையில் எழுதுவதைத்தானே கிசுகிசு என்கிறோம்? கண்டுபிடிக்க முடிந்தால் அவதூறு வழக்கும் செல்லும். தலைப்பில் கேள்விக்குறி போட்டால் தப்பிக்கலாம் என்பதும் இதே ரகம்.

இதெல்லாம் யூடியூப் வந்தபிறகு வந்த கேடுதானே?

இல்லை ஐயா. 1943இல் சி.என். லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’ என்ற வார இதழைத் தொடங்கி, நட்சத்திரங்களின் படுக்கையறை வரை எழுதினார். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. எழுதாமல் இருக்கவும் பணம் கேட்டார் என்பார்கள். திரையுலகினர் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட, உரிமம் ரத்தானது. அவர் ‘இந்து நேசன்’ என்ற இதழை வாங்கி அதிலும் அதையே எழுதினார். 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி ஆயுள் தண்டனை பெற்றார்கள். அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். பாகவதரின் பழைய புகழ் திரும்பவே இல்லை.

மஞ்சள் பத்திரிகை என்று அந்த இதழ்களை இன்றும் திட்டுகிறோம். வாங்கியவர்களை யாரும் திட்டியதாகக் கேள்விப்பட்டதில்லை. மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள்.

எங்கே புகார் செய்வது?

அச்சு இதழ் என்றால் இந்தியப் பத்திரிகை மன்றம். கண்டிக்க மட்டும்தான் அதற்கு அதிகாரம். செய்தித் தொலைக்காட்சி என்றால், முதலில் அலைவரிசைக்கு எழுதி, பதில் திருப்தியில்லை என்றால், அந்த அலைவரிசை உறுப்பினராக இருக்கும் பட்சத்தில், செய்தி ஒளிபரப்பாளர்களின் சுய ஒழுங்கு அமைப்பு. சுஷாந்த் பெயரில் போலி ட்வீட்டுகளைக் காட்டிய ஓர் இந்தி அலைவரிசைக்கு 2020இல் ஒரு லட்சம் அபராதமும் மன்னிப்பும் விதித்தது இதுதான். (அந்த வார விளம்பர வருவாயில் ஒரு லட்சம் எத்தனை நொடி என்று கேட்காதீர்கள்.) சமூக ஊடகம் என்றால் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி. குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் இவை எதற்கும் காத்திருக்காமல் காவல்துறை.

நான் ஒருவன் பார்க்காவிட்டால் என்ன ஆகிவிடும்?

உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் கோபத்தோடு பார்த்தாலும் பார்வைதான், ‘த்தூ’ என்று பின்னூட்டம் போட்டாலும் கணக்குதான். திட்டுவதற்காக நண்பர்களுக்கு அனுப்பினால் இன்னும் உயரும். செய்தி அறைத் திரையில் உங்கள் கோபம் தெரியாது, எண் மட்டும் தெரியும். கொள்முதல் நிலையச் செய்தியைத் திறந்து கடைசி வரி வரை படித்தால், அதுவும் அதே திரையில் தெரியும்.

இந்தப் பக்கத்தில் எந்தக் குழந்தையின் பெயரையும் எழுதவில்லையே, ஏன்?

தொடங்கும்போது, தேவைப்பட்டால் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். எந்த இடத்திலும் தேவைப்படவில்லை.